பெருங்கடற் பெருவழியில் ஐந்து நாள்

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அக்காவின் மகள் தொலைபேசியிற் கூறியபோது, நான் அதனை வேடிக்கைப் பேச்சென்றே எண்ணினேன். 2018 ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் மெல்பேண் நகருக்குச் சென்று, அவள் வீட்டு வாயிலில் அவ்வண்டி வந்து நின்றதைக் கண்ணாரக் கண்ட பின்னரே நம்பினேன். சிறியதொரு லொறியின் மீது வெண்ணிறப் பெட்டி ஒன்றைப் பொருத்தினாற்போன்ற தோற்றம். உள்ளே ஏறினாலோ, படுக்கைகள், மேசை, காஸ் அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி, நீர்த்தொட்டி, மூலையிலே மலசலகூடம் ஆகிய யாவும் ஒரு சாண் இடமும் வீணாகாதபடி அடங்கியிருந்தன. அக்கா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, சாமியறை மட்டுந்தான் இல்லை” என்றார்.

இத்தகைய வண்டியை அவுஸ்திரேலியர் ‘மோட்டர்ஹோம்’ என்கின்றனர். மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் வீட்டுக்குக் ‘கரவன்’ என்று பெயர். கரவன் என்பது பாரசீகத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளிற் புகுந்த சொல். பாலைவனம் கடக்கும் வணிகக் கூட்டத்தையே அது முதலிற் குறித்தது. அப்பொருளில் நம்மிடம் வழங்கிய சொல் ‘சாத்து’ என்பதாகும். கோவலனின் தந்தையாகிய மாசாத்துவான் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. கூட்டத்தைக் குறித்த சொல் காலப்போக்கிற் கூட்டைக் குறிக்கலாயிற்று போலும். அது நிற்க.

நாங்கள் நால்வர்: அக்கா, அவர் மகள், அவள் கணவர், நான். அக்காவுக்கு அப்பொழுது அறுபத்தெட்டு வயது. முழங்கால் நோவினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாது. வழியிற் கண்ட இடத்திற் சாப்பிடவும் மாட்டார். ஆதலின் நினைத்த இடத்தில் நிறுத்தி, கால் நீட்டி, சமைத்துண்டு செல்லத்தக்க வண்டியே அவருக்கு ஏற்றதெனப் பிள்ளைகள் தீர்மானித்தனர். மற்றொரு காரணமும் உண்டு. அக்காவின் இளைய மகன் 2009 ஆம் ஆண்டில் வன்னியிற் காணாமற்போனான். மறு ஆண்டு மகளிடம் வந்து சேர்ந்த அக்கா, கோயிலையும் கடையையும் தவிர அந்நாட்டில் வேறெதனையும் கண்டதில்லை. காணவேண்டுமென விரும்பியதுமில்லை. “மாமா வந்தால் அம்மா வெளிக்கிடுவா” என்று மகள் காத்திருந்திருக்கிறாள்.

சென்றது ‘கிரேற் ஓஷன் றோட்’ எனும் கடற்கரைச் சாலை. நெடுஞ்சாலையைப் பெருவழி என்பது பழைய வழக்காதலால் இதனைப் பெருங்கடற் பெருவழி என்று கூறலாம். விக்ரோரியா மாநிலத்தின் தென்கரையில், ரோர்க்கீ என்னும் ஊரிலிருந்து மேற்கே அலன்ஸ்போட் வரை 243 கிலோமீற்றர் நீளமுடையது. மெல்பேணிலிருந்து விடியலிற் புறப்படும் சுற்றுலாப் பஸ்வண்டிகள் இச்சாலையின் முதன்மையான காட்சிகளைக் காட்டிவிட்டு அன்றிரவே திரும்பிவிடுகின்றன. நாங்கள் அதற்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டோம்.

ஐந்து நாள் எதற்கு என்று கேட்போர், நம் முன்னோர் தெருவோரங்களில் என்ன செய்துவைத்தனர் என்பதை ஒருகாற் சிந்தித்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிற் சிறிது தூரம் நடந்தால் ஒரு சுமைதாங்கி. அதனருகே மாடு உரோஞ்சுதற்கு ஓர் ஆவுரோஞ்சிக்கல். நீர் குடிக்க ஒரு கேணி. இளைப்பாற ஒரு மடம். பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடமோ தெருவையே தன் கூரையின்கீழ்க் கொண்டது. அதனைக் கடப்பவன் அதன் நிழலில் நில்லாது கடத்தல் அரிது. நடப்பதற்குத் தெரு சமைத்தவர்கள், நிற்பதற்கும் இடம் சமைத்தனர். இன்று நாம் ‘தரிப்பிடம்’ என்னும் நல்ல சொல்லை வைத்துக்கொண்டு, பஸ்வண்டிக்குக் காத்துநிற்கும் இடத்துக்கு மாத்திரம் அதனை வழங்குகிறோம்.

வண்டியிற் செல்லுதல் முதலில் அத்துணை எளிதாக அமையவில்லை. ஓடும் வண்டியிற் படுத்துக்கொண்டு வரலாமென அக்கா நினைத்திருந்தார். அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. ஓடும்பொழுது யாவரும் ஆசனப்பட்டி பூட்டி அமர்ந்திருத்தல் வேண்டும். புறப்படுமுன் அலுமாரிக் கதவுகள் அனைத்தையும் தாழிட வேண்டுமென்பதை நான் கேட்டிருந்தும் மறந்தேன். முதல் வளைவிலேயே மைசூர்ப் பருப்புப் பேணி விழுந்து, வண்டியெங்கும் பருப்பு உருண்டது. ஐந்தாம் நாள் வரையிலும் எங்கள் காலடியில் அப்பருப்பு நெருநெருத்துக்கொண்டே இருந்தது. கழிவுநீரை நிலத்தில் ஊற்றலாகாது. மலசலகூடத்துக் கழிவுப் பெட்டியை அதற்கென அமைந்த இடத்திற் கொண்டுசென்றே கொட்ட வேண்டும். அத்தொண்டினை மகளின் கணவர் ஏற்றுக்கொண்டார். அது பற்றி அவர் ஒருபோதும் முகஞ்சுளித்ததில்லை என்பதை இங்கே எழுதிவைத்தல் என் கடமை.

அந்நாட்டிலும் நம்நாட்டிற் போல இடப்பக்கமாகவே வண்டி ஓட்டுவர். சாலை ஒருபுறம் மலையையும் மறுபுறம் கடலையும் ஒட்டி வளைந்து வளைந்து செல்கிறது. மெதுவாகச் செல்லும் வண்டிகள் ஒதுங்கி நின்று ஏனையோருக்கு வழிவிடுதற்கென ஆங்காங்கே இடம் வகுத்திருக்கின்றனர். எங்கள் வண்டி அவ்விடந்தோறும் ஒதுங்கிற்று. முந்திச் சென்றவர்களிற் பலர் கையசைத்து நன்றி கூறினர்.

எயரிஸ் இன்லெற் என்னும் ஊரில் 1891 இல் எழுந்த வெண்ணிற வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டு, லோண் என்னும் ஊரை நோக்கிச் சென்றோம். இடையிலே சாலையின் குறுக்கே மரத்தாலான பெரிய வளைவு ஒன்று நிற்கிறது. பஸ்வண்டிகளில் வந்தோர் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் ஏறிச் செல்கின்றனர். நாங்கள் அருகே வண்டியை நிறுத்தித் தேநீர் வைத்தோம். அக்கா தம் கோப்பையுடன் இறங்கி வந்து, “இதென்ன, கோயில் வளைவு மாதிரிக் கிடக்குது?” என்று கேட்டார். மகளின் கணவர் பலகையில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லலானார்.

முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியர் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். போரிலிருந்து மீண்டவர்களுக்கு வேலையில்லை. ஜீலோங் நகர முதல்வராயிருந்த ஹோவார்ட் ஹிச்சொக் என்பவர் முன்னின்று பொருள் திரட்ட, மீண்டு வந்த போர்வீரர்களே இச்சாலையை அமைக்கத் தொடங்கினர். 1919 செப்ரெம்பரிற் பணி தொடங்கிற்று; ஏறத்தாழ 3,000 பேர் இதில் உழைத்தனர். பிக்கானும் மண்வெட்டியும் ஒற்றைச்சில்லு வண்டியும் வெடிமருந்துமே அவர்கள் கருவிகள். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை. கூலி பத்துச் சிலிங்கு ஆறு பென்ஸ். கூடாரங்களிற் படுத்துறங்கி, பாறையைப் பிளந்து, லோண் முதல் அப்பலோ விரிகுடா வரையான பகுதியை 1932 இல் முடித்தனர். அவ்வாண்டு நவம்பரில் திறப்புவிழா நடந்தது. ஹிச்சொக் அதற்குச் சில மாதங்களின் முன் இறந்துபோனார். விழா ஊர்வலத்திலே ஆளுநரின் வண்டிக்குப் பின்னால் ஹிச்சொக்கின் வண்டியையும் ஓட்டிச் சென்றனராம். வளைவு முதலில் எழுந்தது 1939 இல். 1983 ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் எரிந்துபோக, மீண்டும் எழுப்பியிருக்கின்றனர். பக்கத்தில், வேலை செய்யும் போர்வீரர் இருவரின் உருவச்சிலை உண்டு.

“திரும்பி வந்த பெடியள், வராத பெடியளுக்காகக் கட்டினதோ?” என்று அக்கா கேட்டார்.

“ஓம் மாமி.”

அக்கா சற்றுநேரம் பேசவில்லை. பின்னர் என்னைப் பார்த்து, “எங்கட சுமைதாங்கி மாதிரித் தம்பி” என்றார்.

நான் திடுக்குற்றேன். கருவுற்றிருந்து இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுதல் நம்மவர் மரபு. இறக்கி வைக்கமுடியாத சுமையோடு போனவளுக்காக, வழிச்செல்வோர் தம் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். மாணாக்கர்க்கு இதனை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆயினும் அவ்வளைவின் கீழ் நின்றபோது எனக்கு அது தோன்றவில்லை, அக்காவுக்குத் தோன்றிற்று. அன்று அவ்விடத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தோம். எத்தனையோ பஸ்வண்டிகள் வந்துபோயின.

லோணைக் கடந்து மறுநாட் சென்ற வழியில் வை ஆறு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கும் அயலிலும் 2015 ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் 116 வீடுகள் தீக்கிரையாயின. கரிந்த மரங்கள் அடியிலிருந்து நுனிவரை பசுந்தளிர் போர்த்து நின்றதையும், மலைச்சரிவிற் புதுவீடுகள் எழுவதையும் கண்டோம். அப்பாலுள்ள கெனற் ஆற்றங்கரையிற் கிளைக்கவட்டில் உறங்கும் கோலாக்களைப் பார்க்கப் பெருங்கூட்டம். நாளில் இருபது மணி நேரம் வரை உறங்கும் பிராணியை இத்தனை பேர் ஓடிவந்து பார்ப்பது எனக்கு விந்தையாயிருந்தது. என்னைக் கவர்ந்தவை அரசக்கிளிகள். ஆணுக்குத் தலையும் மார்பும் செக்கச்சிவந்தவை, சிறகு பச்சை. அக்காவின் தோளில் ஒன்று வந்து அமர்ந்ததும் அவர் சிலைபோல் நின்றுவிட்டார்.

அம்மலைப்பகுதியின் ஆதிக்குடிகளுக்குக் ‘காடுபனுட்’ என்று பெயர். அரசக்கிளியின் பெயரோடு தொடர்புடையது அப்பெயர் என அறிந்தோர் கூறுவர். ‘காடு’ என்னும் ஒலியைக் கேட்டவுடன் அங்கும் தமிழ் வேர் காணப் புறப்படுவோருக்கு நம்மிடையே பஞ்சமில்லை. அவ்வாறு செய்தல் தகாது. நிலத்தை இழந்த ஒரு குடியிடமிருந்து அதன் பெயரையும் நாம் பறித்தல் ஆகாது.

பற்றன் முனையிலே கடற்காட்சி மிக அழகியது. அவ்விடத்துக் கதையும் சுவையானது. 1924 இல் ‘கசீனோ’ என்னும் நீராவிக் கப்பல் அங்கே பாறையில் மோதித் தட்டிற்று. பாரம் குறைப்பதற்காக 500 பீப்பாய் பியரையும் 120 பெட்டி மதுவகைகளையும் கடலில் எறிந்தனர். சாலை வேலையாட்கள் அவற்றைக் கரைசேர்த்தனர். இரண்டு வாரம் சாலைவேலை நடைபெறவில்லை. மதுவிலக்குப் பற்றி மேடைகளிற் பேசுகின்ற நானும் இதனைக் கேட்டுச் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்?

அப்பலோ விரிகுடாவுக்கு மேற்கே சாலை கடலை விட்டுக் காட்டினுள் நுழைகிறது. ‘மெயிற்ஸ் றெஸ்ற்’ என்று ஓரிடம். மெயிற்லண்ட் பிறையன் என்னும் வனக்காவலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காடுசுற்றி வருங்கால் தம் குதிரையை நிறுத்தி இளைப்பாறிய இடமாதலால் அப்பெயர். ஒரு மனிதர் செய்த பெருஞ்செயலுக்காக அன்றி, அவர் இளைப்பாறியமைக்காக இடப்பெயர் அமைந்திருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. மரப்பலகைப் பாதை வழியே மெல்லச் சுற்றிவந்தோம். ஆளுயர மரப்பன்னங்கள், பாசிபடர்ந்த முதுமரங்கள், வெயிலே விழாத ஈரம். அக்கா ஊன்றுகோலுடன் முழுதும் நடந்தார். முழங்கால் நோவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

அன்றிரவு ஓட்வே முனைக்கு அருகில் தங்கினோம். அங்குள்ள வெளிச்சவீடு 1848 இல் முதலில் ஒளிவிட்டது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1845 இல், அம்முனைக்குத் தெற்கேயுள்ள கிங் தீவில் ‘கற்றறாக்கி’ என்னும் குடியேற்றக் கப்பல் உடைந்து ஏறத்தாழ 400 பேர் மாண்டனர், ஒன்பதின்மரே பிழைத்தனர். இத்தகைய பேரழிவுகளின் பின்னரே அவ்விளக்கு எழுந்தது. 1994 வரை அது தொழிற்பட்டது.

நான்காம் நாள் பிற்பகல் கிப்சன் படிகளை அடைந்தோம். செங்குத்தான பாறையில் 86 படிகள் இறங்கினால் மணற்கரை. அக்கா வண்டியிற் சொதி வைத்துக்கொண்டிருக்க, நான் இறங்கிப் பாறையைத் தொட்டுப் பார்த்தேன். மஞ்சள்படிந்த சுண்ணாம்புக்கல், நகத்தாற் கீறினால் பொடி உதிர்கிறது. நம்மூர்க் கிணறு தோண்டுங்காற் கண்ட கல்லே போன்றிருந்தது. அது வெறும் மயக்கமன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லும் அக்கரைச் சுண்ணாம்புக்கல்லும் ஆகிய இரண்டும் மயோசீன் என்னும் ஒரே நில ஊழியிற் கடலடியிற் படிந்தவை. ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையவை. நம் கல்லை மழைநீர் உள்ளிருந்து அரித்து நிலாவரையும் கீரிமலை ஊற்றும் ஆக்கிற்று. அவர்கள் கல்லைத் தென்கடல் பக்கத்திலிருந்து அரித்துத் தூண்களாக்கிற்று.

அத்தூண்களே ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்’ எனப்படுபவை. பன்னிரண்டு என்று பெயர் இருப்பினும் பன்னிரண்டு ஒருபோதும் இருந்ததில்லை. ஒன்பது நின்றன, 2005 ஜூலையில் ஒன்று சரிந்து எட்டாயிற்று. முன்னாளில் இவற்றைப் ‘பன்றியும் குட்டிகளும்’ என்று அழைத்தனராம். சுற்றுலாத் தொழில் பெருகப் பெருகப் பெயரும் புனிதமடைந்தது! மேற்கே சிறிது தூரத்தில் ‘இலண்டன் பாலம்’ என்றொரு பாறை வளைவு. அதன் கரைப்பக்கம் 1990 ஜனவரி 15 ஆம் நாள் இடிந்து வீழ, அப்பால் நின்ற இருவரை ஹெலிகொப்ரரே மீட்டது.

நாங்கள் பார்வைமேடைக்குச் சென்றபோது அங்கே நெருங்கிய கூட்டம். மாலை ஐந்து மணியளவிற் பஸ்வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுவிட்டன. காற்று கடுங்குளிராயிற்று. கதிரவன் மறைந்த பின்னரே அத்தூண்கள் தத்தம் நிறத்தைக் காட்டின. முதலிற் பொன், பின் செம்மண், பின் சாம்பல். இருள் கவிந்த வேளையிலே கீழ்க்கரையில், நுரையோடு நுரையாகச் சிறிய பென்குவின்கள் சில கரையேறித் தத்தித்தத்திச் சென்றன. அக்கா கம்பளியாற் போர்த்துக்கொண்டு, கண்ணிமையாது பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்டு, இரண்டு, மூண்டு…” என்று எண்ணிக்கொண்டே இருந்தார். எத்தனை எண்ணினாரோ, நான் கேட்கவில்லை.

மறுநாட் காலை ‘லொக் ஆட்’ விடரைக் கண்டோம். 1878 ஜூன் முதலாம் நாள் விடியற்பொழுதில் ‘லொக் ஆட்’ என்னும் பாய்க்கப்பல் அங்கே பாறையில் மோதி மூழ்கிற்று. இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் வந்து, மெல்பேணை அணுகிய வேளையில் நேர்ந்த கேடு. கப்பலில் இருந்தோர் 54 பேர், பிழைத்தோர் இருவர். ஒருவன் ரொம் பியர்ஸ் என்னும் பயிற்சி மாலுமி. மற்றவள் ஈவா கார்மைக்கல் என்னும் இளம்பெண். கரையேறிய ரொம், கடலில் அவள் கூக்குரல் கேட்டு மீண்டும் நீந்திச் சென்று இழுத்துவந்து, குகையிற் கிடத்தினான். பின் செங்குத்துப் பாறையில் ஏறிச் சென்று உதவி கொண்டுவந்தான். ஈவா பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அக்கடலில் இழந்தாள். இருவரும் மணஞ்செய்யவேண்டுமெனப் பத்திரிகை படித்தோரெல்லாம் விரும்பினர். அவளோ சில மாதங்களில் அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டாள். விடரின் அருகில் நின்ற பாறை வளைவொன்று 2009 இல் இடிந்தது. எஞ்சிய இரு தூண்களுக்கு ரொம், ஈவா என்று பெயரிட்டிருக்கின்றனர். அங்ஙனமாவது சேர்த்துவைத்தனர் போலும்.

பாறையின் மேலே சிறிய அடக்கநிலம் உண்டு. உடல் கிடைத்தவர் நால்வரே. அவர்களுள் ஈவாவின் தாயும் ஒருத்தி. உடல் கிடையாதோரின் நினைவும் அங்கே கல்லில் இருக்கிறது என்று மகள் படித்துச் சொன்னாள். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

“கல்லாவது இருக்குது” என்றார்.

மகள் தாயின் தோளை அணைத்துக்கொண்டாள். மகளின் கணவர் வண்டியைத் துடைக்கப் போனார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமிருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அக்கா தம் மகனைப் பற்றி எங்கள் முன் பேசியதில்லை. அன்று வோர்ணம்பூல் நகரை நோக்கிச் செல்லும் வழியெல்லாம் பேசினார். சிறுவயதில் அவன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தது, சைக்கிள் பழகியது, பரீட்சைக்குப் படித்தது, இப்படியாக. ஒதுங்குமிடம் வந்தபோதெல்லாம் வண்டி ஒதுங்கி நின்றது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

வோர்ணம்பூலில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் ‘லொக் ஆட்’ கப்பலின் பொருள்கள் பல இருக்கின்றன. அவற்றுட் சிறந்தது மயிலொன்று. இங்கிலாந்தில் மின்ரன் தொழிலகத்தார் செய்த வண்ணப் பீங்கான் மயில். ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரம். 1880 ஆம் ஆண்டு மெல்பேண் கண்காட்சிக்காக அனுப்பப்பட்டது. கப்பல் சிதறி, 52 உயிர்கள் போன அக்கடலிலிருந்து, பெட்டியோடு மிதந்துவந்து, அலகிலே சிறு சேதம் தவிர முழுதாகக் கரை சேர்ந்தது.

அக்கா கண்ணாடிப் பெட்டியின் முன் சென்றதும் செருப்பைக் கழற்றினார். இரு கைகளையும் தலைமேற் குவித்து, “முருகா” என்றார். நல்லூர் வீதியில் நின்று கும்பிடுவது போன்றே நின்றார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி அவரைப் பார்த்தாள். பின் தானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்று விலகி நின்றாள்.

மாலையில் உள்நாட்டு நெடுஞ்சாலை வழியாக மெல்பேணுக்குத் திரும்பினோம். மூன்று மணி நேரமே சென்றது. வண்டியை மறுநாட் கொடுக்குமுன் நானும் மகளும் உள்ளே கூட்டிக் கழுவினோம். படுக்கைக்கு அடியில் இன்னும் ஒருபிடி பருப்புக் கிடந்தது.